மைதீன் பாத்திமாவின் ஒன்பது வருஷம்

மைதீன் பாத்திமாவை நான் முதல்முதலாகப் பார்த்த அன்று அவள் என்னிடம் பொய் சொன்னாள். நான் அதை நம்பவில்லை. நம்பாமலே எழுதிக்கொண்டேன். இந்தக் கதையில் யார் பேரில் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தீர்மானமில்லை, ஆனால் என் பேரிலும் கொஞ்சம் உண்டு.

1994ஆம் வருஷம். எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் மூன்று வருஷமாகச் சும்மா இருந்தேன். எங்கள் வீட்டில் வயல் கைமாறிப் போயிருந்தது, வேலை வந்தபாடில்லை. சாப்பாட்டு வேளையில் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் மோர்ப் பாத்திரத்தைப் பார்த்துப் பேசுவார். அந்தச் சமயத்தில்தான் ஞானசௌந்தரி மேடம் வந்தார். பாளையங்கோட்டைக்காரர், சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பொருளாதாரப் பேராசிரியர். நாடு கதவைத் திறந்துவிட்டது, இனி வளர்ச்சிதான் என்று பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நாடு வளரும்போது உழைக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது, அதிலும் வீட்டுக்குள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற பெண்களுக்கு என்ன ஆகிறது என்பது மேடத்தின் ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத ஆள் வேண்டும் என்றார். மகேஸ்வரன் என்று என் பேரைச் சொல்லிவிட்டு, சம்பளம் என்ன என்றுகூடக் கேட்காமல் சரி என்றேன்.

மேடம் ஒரு விதி வைத்திருந்தார். "நீங்க நினைக்கிறதை எழுதாதீங்க, மகேஸ்வரன். அவங்க சொல்றதை எழுதுங்க. நினைக்க ஆரம்பிச்சா அது ஆராய்ச்சி இல்ல, கதை." நான் எதையும் நினைக்கத்தான் செய்வேன். எனக்கு யாரையும் எடுத்த எடுப்பில் நம்பிப் பழக்கமில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

எனக்குக் கிடைத்த தெரு, அம்பாசமுத்திரத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் போகிற ரோட்டில் வாய்க்கால் பாலத்தில் இறங்கி உள்ளே நடந்தால் வரும். நாற்பத்தோரு வீடு. அநேகமாக எல்லாம் முஸ்லிம் வீடுகள், எல்லா வீட்டிலும் பீடி. நான் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினால் போதும், கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். முதல் வாரத்தில் என்னைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆள் என்றார்கள். அடுத்த வாரம் ரேஷன் கார்டில் பெயர் அடிக்க வந்தவன். மேடத்தின் பெயரைக் கேட்டதும், கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்க வந்த கூட்டம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கடைசியில் கம்பெனி அனுப்பிய ஒற்றன் என்பதில் தெரு முழுக்க ஒரே மனதாக வந்து நின்றது. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கையில் கடிகாரமும் தாளுமாக ஒருத்தன் வந்து, "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீடி?" என்று கேட்டால் அவர்களும் என்னதான் நினைப்பார்கள்.

பன்னிரண்டாம் நம்பர் வீடுதான் மைதீன் பாத்திமாவுடையது. அப்போது அவளுக்கு முப்பத்தோரு வயது. புருஷன் தாஜ் முகம்மது சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டப் போனவன். முதல் இரண்டு வருஷம் கடுதாசி வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. நஃபீஸத் என்று ஒரு மகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் இன்னொரு ஆள் கமர் நிஷா. தாஜ் முகம்மதின் மூத்த அக்காள், விதவை, ஐம்பத்தாறு வயது. நான் போன அன்று கமர் நிஷா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முறத்தில் இலையும் தூளும் இருந்தன. பாத்திமா அடுப்படி வாசலில் நின்றாள், முக்காட்டின் நுனியைப் பல்லால் கடித்தபடி.

"வீட்டுல யாரு பீடி சுத்துதா?" என்று கேட்டேன்.

"மைனிதான் சுத்துதாவ," என்றாள் பாத்திமா.

"நீங்க?"

"நான் சும்மாத்தான் இருக்கேன். எனக்கு ஒரு வேலயும் கெடயாது."

கமர் நிஷாவின் கை அசையவில்லை. சுற்றிக் காட்டுங்கள், நேரம் பார்க்க வேண்டும் என்றேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றார்கள். திங்கட்கிழமை போனேன், தலைவலி என்றார்கள். புதன்கிழமை போனபோது நூல் தீர்ந்துவிட்டதாம். மூன்று நாளும் முறம் மடியில் அப்படியே இருந்தது. இலைகூட அதே இலைதான், நுனி காய்ந்து சுருண்டிருந்தது. அடேயப்பா, என்னைச் சுத்தக் கூமுட்டை என்று முடிவே கட்டிவிட்டார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் நேரே பீடிக்கடைக்குப் போனேன். கடை என்றால் கம்பெனியின் கிளை. காலையில் இலையும் தூளும் அங்கேதான் கொடுப்பார்கள், சாயங்காலம் சுற்றிய பீடியை அங்கேதான் வாங்குவார்கள். செக்கர் பாபநாசம் எங்கள் தெருக்காரர். பீடிக்கட்டுகளைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, சரியில்லாததை உடைத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கமர் நிஷா பேர்ல பீடி சுத்த ஒரு பாஸு இருக்கா?"

"இருக்குவே. எதுக்குக் கேக்கிரு?"

"அந்தம்மா எப்படிச் சுத்துவாங்க?"

பாபநாசம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு கட்டை எடுத்து மேஜையில் என் முன்னால் போட்டார். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு பீடியை உருவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் இலை வலப்பக்கமாகச் சுற்றியிருந்தது. கமர் நிஷா பாஸில் வந்த மற்றதில் இடப்பக்கமாக. "பத்து முப்பது பொம்பளைய பீடிய கலந்து போட்டாலும் எது ஆரு கைன்னு சொல்லிருவேன்வே நான். தலைய மடக்குததுல தெரியும், நூலு கெட்டுததுல தெரியும். இது இடதுகை, அந்தம்மாவுக்கு வலதுகை. இந்தக் கடையிலேயே இடதுகைக்காரி ஒருத்திதான்." அதோடு நிறுத்திக்கொண்டு இரண்டு பீடியையும் திரும்பக் கட்டில் செருகினார். "நான் ஒண்ணுஞ் சொல்லல. நீரும் ஒண்ணும் கேக்கல. போயிட்டு வாரும்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, சைக்கிளைப் பாலத்திலேயே போட்டுவிட்டு, பைய நடந்து போய்ப் பன்னிரண்டாம் நம்பர் வீட்டு வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. பாத்திமா முறத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கை ஓடிக்கொண்டிருந்தது. இலை, தூள், ஒரு உருட்டு, நூல், நுனியில் நகத்தால் ஒரு மடக்கு. அதைப் பார்த்தால் கையைத் தனியாகக் கழற்றி வேலைக்கு விட்டுவிட்டு அவள் வேறெங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கோபத்தோடு போன நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முறத்தை மறைக்கவில்லை.

"கம்பெனிக்குப் போயிச் சொல்லியாச்சா?" என்றாள்.

"நான் கம்பெனி ஆள் இல்லங்க."

"அப்ப எதுக்கு சார் மணி பாக்கிய? எதுக்குப் பேரு கேக்கிய? சும்மா இருக்கவன் எவனாவது வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்து அடுத்த வீட்டுக்காரி என்ன செய்யுதான்னு எழுதுவானா?"

நியாயமான கேள்வி. வளர்ச்சி, உழைப்பு, புள்ளிவிவரம் என்று நான் ஏதோ உளறினேன். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

அன்று அவள் சொல்லித்தான் எனக்கு முழுசும் தெரிந்தது. அவள் பிறந்தது மேலப்பாளையத்தில். ஒன்பது வயதில் உம்மாவின் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றக் கற்றுக்கொண்டாள். இடதுகையை மாற்றச் சொல்லி வாப்பா அடித்துப் பார்த்தார், மாறவில்லை. பதினேழு வயதில் கட்டிக்கொடுத்து இங்கே வந்தாள். பீடி சுற்ற வேண்டுமானால் பாஸ் வேண்டும். பாஸ் என்பது கம்பெனி கொடுக்கிற சின்னப் புத்தகம். அது யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் இலையும் தூளும், அவருக்குத்தான் சேமநிதி, அவர்தான் தொழிலாளி. புதுப் பாஸ் கொடுப்பதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. கமர் நிஷாவிடம் பாஸ் இருந்தது, 1987இல் கண் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் பாஸில் சுற்றியது பாத்திமாதான். தெருவில் பாதி வீட்டில் இதே கதை. மாமியார் பாஸில் மருமகள், செத்துப்போன அக்காள் பாஸில் தங்கச்சி. எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்வதில்லை.

"நீங்க உண்மைய எழுதுனா என்ன ஆகும்னு தெரியுமா? பாஸப் புடுங்கிருவான். நாளைக்கு எம் பிள்ளைக்குக் கஞ்சி கெடயாது. எழுதுதியளா?"

நான் தரையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்து அவள் சுற்றியதை எண்ணினேன். அந்த எண்ணிக்கையைக் கமர் நிஷா பேருக்கு நேரே போட்டேன். அடுத்த வரியில் மைதீன் பாத்திமா, வயது 31, வேலை: இல்லை என்று எழுதினேன். அவள் என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். மேடத்தைத் தவிர யார் கண்ணிலும் படாது என்றேன், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறமும் நம்பாமல் தாளை வாங்கித் தானே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்கு ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்ட நினைப்பு. அதே தர்மத்தை அந்தத் தெருவில் இன்னும் பதினாறு வீட்டுக்குச் செய்தேன். என் தாள்கள் சுத்தமாக இருக்கின்றன, அடித்தல் திருத்தல் இல்லை என்று மேடம் மெச்சினார். பாளையங்கோட்டையில் திறந்த அலுவலகத்திலேயே எனக்கு வேலை போட்டுக் கொடுத்தார். அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அடுத்த வருஷம் மேடம் டெல்லியில் ஒரு கட்டுரை வாசித்தார். வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளில் இளம் பெண்கள் வேலையை விட்டு விலகுகிறார்கள், மூத்த பெண்களே தொடர்ந்து உழைக்கிறார்கள் என்பது அதன் சாரம். அட்டவணை நான்கில் வந்த பெண்களில் பதினேழு பேர் நான் பொய்யாக எழுதிய பதினேழு பேர். நல்ல வரவேற்பு என்று சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

1996 ஆனி மாதம் பாத்திமா பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கே வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. கமர் நிஷாவுக்கு ஐம்பத்தெட்டு ஆகப் போகிறது. ஐம்பத்தெட்டில் பாஸை மூடிவிடுவார்கள். ஒன்பது வருஷத்துச் சேமநிதியும் சேர்ந்து கமர் நிஷாவுக்குப் போகும், பாத்திமாவுக்கு மறுநாளிலிருந்து இலை கிடையாது. சங்கத்துக்காரர் ஒருவர் அவளுக்கு யோசனை சொல்லியிருந்தார்: இத்தனை வருஷமாகச் சுற்றியது நீதான் என்று காட்ட எழுத்தில் ஏதாவது இருந்தால் கொண்டு வா, பாஸை உன் பேருக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனியிடம் பேசிப் பார்க்கலாம்.

"மைனி விட்டுக்குடுப்பாவளா?" என்று கேட்டேன்.

"எங்க. தென்காசியிலேருந்து அவுக மவ பெட்டியோட வந்து உக்காந்திருக்கா. ரெண்டுபேரும் குசுகுசுன்னு பேசுதாவ. நான் உள்ள போனா நிறுத்திருதாவ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கதான் சார் அன்னைக்கு மணி பாத்து எழுதுனிய. அந்தக் காயிதத்த மட்டும் தாங்க."

அவளுக்கு மறந்துபோய்விட்டதா, அல்லது அரை மணி நேரம் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியதெல்லாம் எப்படியும் தாளில் ஏறியிருக்கும் என்று நம்பினாளா, தெரியவில்லை. கோப்பை எடுத்து வந்தேன். தாளைக் கையில் கொடுத்தேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். வேலை, இல்லை.

"நாந்தான் எழுதச் சொன்னேன்," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அன்றே மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னும் எத்தனை பேர்?" என்றார். பாத்திமாவையும் சேர்த்துப் பதினேழு என்றேன். "நீங்க எழுதின தெருவில் பதினேழு. மத்தவங்க எழுதின தெருக்களில்?" அவர்கள் சொல்வதைத்தான் எழுதச் சொன்னீர்கள் என்று நான் முணுமுணுத்தேன். "ஆமாம், சொன்னேன்," என்றார். "அவங்க எதுக்குப் பயப்படுறாங்கன்னு கேட்கச் சொல்லியிருக்கணும்." என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. கம்பெனியில் போய் உள்ளதைச் சொல்லும்படி என்னை அனுப்பினார். கட்டுரைக்குத் திருத்தம் எழுத அன்று ராத்திரியே உட்கார்ந்தார்.

கம்பெனியின் கிளை ஆபீஸில் பேச்சு நடந்தது. மேனேஜர், சங்கத்துக்காரர், செக்கர் பாபநாசம், நான். எதிரே பாத்திமாவும் கமர் நிஷாவும், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. நான் எழுந்து, என் தாளில் இருப்பது பொய், இந்தப் பெண் சுற்றியதை என் கண்ணால் பார்த்து எண்ணினேன் என்று சொன்னேன். மேனேஜர் தாளைப் புரட்டினார்.

"அன்னைக்கு எழுதுனது பொய்ன்னு நீங்களே சொல்லுதிய. இன்னைக்குச் சொல்லுதது நெசம்னு நான் எத வச்சு நம்ப?"

"கட்டை உடைச்சுப் பாருங்க. ஒன்பது வருஷமா அந்தப் பாஸில் வர்ற பீடி இடதுகைப் பீடி. செக்கரைக் கேளுங்க," என்றேன்.

பாபநாசம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஞாபகம் இல்ல," என்றார். மேனேஜர் லேசாகச் சிரித்தார். "பீடி எந்தப் பக்கமாச் சுத்துதுன்னு சட்டத்துல ஒண்ணும் போடல, தம்பி." அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது கமர் நிஷா வாயைத் திறந்தார். அந்த வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை போயும் அவர் குரலைச் சரியாகக் கேட்டதில்லை. "நான் சுத்தி ஒம்பது வருசம் ஆச்சு," என்றார். "எனக்கு இலை எது, தூளு எதுன்னு தெரியாது. இன்னா, என் மூஞ்சிக்கு முன்னால கைய ஆட்டிப் பாருங்க. சுத்துனது எல்லாம் இந்தப் புள்ளதான்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். பாத்திமா திரும்பித் தன் மைனியைப் பார்த்தாள். அந்தம்மாளைப் பற்றி அதுவரை நான் நினைத்திருந்ததற்கெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் உண்மைக்கும் ஒரு விலை வைத்திருந்தார்கள். ஒன்பது வருஷம் பாஸை ஆள் மாறாட்டம் செய்தது குற்றம், வழக்குப் போடலாம் என்றார் மேனேஜர். சங்கத்துக்காரர் மன்றாடினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கமர் நிஷாவின் கணக்கு 1987ஓடு முடிந்தது. பாத்திமாவுக்குப் புதுப் பாஸ், அன்றைய தேதியிட்டு. நடுவிலிருந்த ஒன்பது வருஷத்தை யாரும் கேட்கக் கூடாது, அப்படி ஒரு வேலை நடக்கவே இல்லை என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும். பாத்திமா கையெழுத்துப் போட்டாள். கமர் நிஷாவின் கையைப் பிடித்துப் பெருவிரலை மையில் அழுத்தியதும் அவள்தான்.

பஸ் ஸ்டாண்டில் பாத்திமா கேட்டாள். "ஏன் மைனி சொன்னிய?"

"ஒனக்காவ ஒண்ணுமில்ல. ஒன்னய வெறட்டிட்டா எனக்கு ஆரு கஞ்சி ஊத்துவா. எம் மவளா?" என்றார் கமர் நிஷா. அதில் எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. நான்தான் எதையும் நம்பாதவன் ஆயிற்றே.

மறுநாள் சாயங்காலம் பாத்திமா தன் பேரில் முதல்முறையாகப் பீடி கொண்டுபோனாள். பாபநாசம் கட்டைத் தட்டிப் பார்த்து, ஏட்டில் எழுத வேண்டுமே என்று தலையைக் குனிந்தபடியே, "புது ஆளா?" என்று கேட்டாராம். "ஆமா அண்ணாச்சி, புதுசு," என்று சொன்னாளாம். அவளே இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1998இல் மேடம் இரண்டாம் சுற்று ஆரம்பித்தார். இந்தத் தடவை கேள்விகளே வேறு. வேலை என்ன என்று கேட்காமல், விடிந்ததிலிருந்து கை என்னென்ன செய்கிறது என்று கேட்கும்படி தாள் தயாரித்திருந்தார். அந்தத் தெருவுக்கு நானே போவதாகச் சொன்னேன். ஒரு வீட்டையாவது உள்ளபடி எழுத வேண்டும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நம்பரில் கதவைச் சாத்தவில்லை. டீ கொடுத்தாள். கமர் நிஷா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார், இருமல் கேட்டது. பெயர், வயது, சுற்றுகிற நேரம் எல்லாவற்றையும் பாத்திமா தயங்காமல் சொன்னாள். கடைசியில், எத்தனை வருஷமாக இந்த ஊரில் பீடி சுற்றுகிறீர்கள் என்ற கேள்வி வந்தது. கேட்கவே தேவையில்லாத கேள்வி என்று நினைத்து, பதினொன்று என்று எழுதிவிட்டேன்.

அவள் கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். முன்பு போலவே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இது யாரு கண்ணுல படும் சார்?"

"யாரு கண்ணுலயும் படாது. மேடம் மட்டுந்தான் பார்ப்பாங்க."

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னிய. கடைசில கம்பெனிக்காரன் மேஜையில கெடந்துது."

அந்தத் தாளை அங்கே கொண்டுபோனது நான், அதுவும் அவளுக்காக. அதைச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அவள் என் பேனாவை வாங்கிப் பதினொன்றை இரண்டு கோடு போட்டு அடித்தாள். மேலே இரண்டு என்று எழுதினாள், இடது கையால், நிதானமாக.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. அப்படி ஒரு வேல நடக்கவே இல்ல," என்றாள். தாளை என்னிடம் நீட்டிவிட்டு முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.